மோர் கொடுத்து அனுப்புகிறவர்

நஞ்சப்பனை வேலையைவிட்டு நீக்கிய விதம் நஞ்சப்பனுக்குப் பிடிக்கவில்லை. நிற்க வைத்தே நீக்கிவிட்டார்கள்.

"நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்றார் மேனேஜர் பாலகோபால். அவர் கையில் பேனா இருந்தது. கண் மேஜைமேல் இருந்தது.

நஞ்சப்பன் காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"உக்காரச் சொல்லலீங்களே."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "சரி, உக்காருங்க."

"இப்பச் சொல்லிப் பிரயோசனம் இல்லீங்க. மொதல்லயே சொல்லியிருக்கோணும்."

பாலகோபால் மதராஸில் படித்தவர். மில்லுக்குப் புதிது. தன் எதிரில் நிற்பவர் எந்த வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்பது அவருக்குத் தெரியும். அதில் அவர் எவ்வளவு கை தேர்ந்தவர் என்பது தெரியாது. ஆட்களை வேலையைவிட்டு அனுப்புவதுதான் நஞ்சப்பனின் வேலை.

நீலகிரி மலையில் உள்ள பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் மில்லில் நீராவி எஞ்சினை நிறுத்தினார்கள். கரி அள்ளியவர்கள் மிஞ்சிப்போனார்கள். பிறகு புது எந்திரங்கள் வந்தன. நூல் சுற்றுகிறவர்கள் மிஞ்சிப்போனார்கள். முதலாளி நல்ல மனிதர். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆபீஸில் தபால் எழுதிக்கொண்டிருந்த நஞ்சப்பனைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் பதமாப் பேசுவீங்க. ஆளுக மனசு நோகாமச் சொல்லிப்போடுங்க."

அன்றுதான் நஞ்சப்பனுக்குத் தான் எதற்காகப் பிறந்தோம் என்பது தெரிந்தது.

ஆளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். மோர் வரும். மழை, கிணற்றுத் தண்ணீர், எருமை, பிள்ளைகள் என்று வரிசையாக விசாரிப்பார். மோர் பாதி இறங்கியதும், இத்தனை நாள் உழைத்த உடம்பு, அதற்கும் ஓய்வு வேண்டும் அல்லவா என்பார். மில் உங்களை என்றைக்கும் மறக்காது என்பார். நீக்கம் என்ற சொல் அவர் வாயில் வராது. காகிதம் எதுவும் கொடுக்க மாட்டார். அது முகத்தில் அடிப்பது போல. வந்தவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்.

யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. பக்கத்து மில்லில் ஆட்குறைப்பு என்றதும் கல் பறந்தது, போலீஸ் வந்தது. இங்கே, நூல் சுற்றும் பிரிவிலிருந்து அவர் அனுப்பிவைத்த பொன்னாத்தாள் மறு வாரமே அவர் வீட்டுக்கு முருங்கைக்காய் கொடுத்தனுப்பினாள்.

ஒருவரை அனுப்பிய பிறகு அவர் வேலை பார்த்த பக்கம் நஞ்சப்பன் தலை காட்டுவதில்லை. காலியான இடத்தைப் போய்ப் பார்ப்பது பண்பில்லை என்பது அவர் கொள்கை. வீட்டுக்கு நடந்து போகும்போது, அன்று சொன்ன சொற்களைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். மறுநாள் இன்னும் நன்றாகச் சொல்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் மேனேஜர், "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்றார்.

"சம்பளக் கணக்கைப் பார்த்த மொதலாளி என்ன சொன்னார்னா..." என்று மேனேஜர் தொடங்கினார்.

"காரணம் சொல்லாதீங்க."

"என்ன?"

"காரணம் சொன்னா எதிராளி பதில் சொல்லுவானுங்க. பதில் சொன்னாப் பேச்சு வளரும். அனுப்பறபோது காரணமே வரக் கூடாதுங்க."

"நஞ்சப்பன், நான் சொல்ல வர்றது..."

"நாளைக்கு வாரேனுங்க. நல்லா யோசிச்சு வெச்சிருங்க. நீங்க முறையாச் சொன்னீங்கன்னா நானும் முறையாப் போயிருவேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி வள்ளியாத்தாள் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் கேட்டாள்.

"வேலை போயிருச்சுங்களா?"

"முறையாப் போகலை."

"போயிருச்சுங்களா, போகலீங்களா?"

"சொன்னவருக்குச் சொல்லத் தெரியலை அம்மணி. அது கணக்குல வராது."

"சம்பளம் கணக்குல வருங்களா?"

நஞ்சப்பன் கால் கழுவப் போனார்.

மறுநாள் நேரத்துக்கு ஆபீஸில் இருந்தார். பாலகோபாலும் நல்ல மனிதர்தான். படிப்பினால் வந்த அவசரம் மட்டும் உண்டு. இந்த ஆளைச் சீக்கிரம் அனுப்ப அவர் சொல்கிறபடி செய்வதே வழி என்று முடிவு செய்தார். நஞ்சப்பனின் வழக்கத்தை ஆபீஸில் விசாரித்துக்கொண்டு, உட்காரச் சொன்னார். மோர் வந்தது.

"எருமை எப்படி இருக்கு?" என்றார்.

"அதை ஏன் கேக்கறீங்க. கன்னு போட்டதுல இருந்து சரியாத் தீவனம் எடுக்கறதில்லீங்க."

"எங்க தாத்தா வீட்டுல ஒரு எருமை அப்படித்தான் இருந்தது. ஓமம் கொடுத்தாங்க."

"ஓமமுங்களா? வெறும் ஓமமா, வெல்லம் சேத்துங்களா?"

மேனேஜருக்கு நினைவில்லை. யோசித்தார். தாத்தாவின் தொழுவத்தைப் பற்றிச் சொன்னார். அந்த எருமை ஒருமுறை கிணற்றில் விழுந்ததைச் சொன்னார். மதராஸ் போனதிலிருந்து இதையெல்லாம் கேட்க அவருக்கு யாரும் இல்லை. நஞ்சப்பன் எல்லாவற்றையும் கேட்டார். மேனேஜர் எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். திரும்பி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எதற்காகக் கூப்பிட்டோம் என்பது அவருக்கு நினைவு வந்தது.

அடுத்த நாளும் நஞ்சப்பன் வந்தார்.

"நேத்து நெம்ப நல்லாப் பேசினீங்க. ஆனா கடைசியில அனுப்பாம உட்டுட்டீங்களே" என்றார்.

"ஐயா, நான் உங்களை அனுப்பியாச்சு."

"இல்லீங்க. எருமையிலயே நின்னுட்டீங்க. கை பழகோணும்ங்க. இன்னைக்குக் கெணத்துத் தண்ணியில ஆரம்பிங்க. அது சீக்கிரம் முடியும்."

மேனேஜர் அன்று கிணற்றுத் தண்ணீரில் ஆரம்பிக்கவில்லை. வாசல் காவலர் இஸ்மத்தைக் கூப்பிட்டார்.

அதற்கு மறுநாள் இஸ்மத் கேட்டுக்கு வெளியிலேயே நஞ்சப்பனை எதிர்கொண்டார். கும்பிட்டார்.

"வாங்க ஐயா. ஊட்டுல எல்லாரும் சொகமுங்களா? வெயிலு இப்பவே ஏறிப்போச்சுங்க. இந்த வெயில்ல உள்ள வந்து நீங்க செரமப்படக் கூடாதுன்னு மேனேஜர் நெனைக்கறாருங்க."

நஞ்சப்பன் அவரைக் கூர்ந்து பார்த்தார்.

"இஸ்மத், நீங்க மேனேஜரைவிட நல்லாச் சொல்றீங்க."

"உங்களைப் பாத்துத்தானுங்க."

"ஆனா இது வாசல்ல நிறுத்தறது. வேலையை உட்டு அனுப்பறது வேற."

முன்பு நஞ்சப்பன் ஆபீஸுக்குள் உட்கார்ந்து வேலை இல்லாமல் இருந்தார். இப்போது ரோட்டில் நின்று வேலை இல்லாமல் இருந்தார். அவர் தளரவில்லை. தான் யார் என்பது புது மேனேஜருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்தவர்கள் வந்து சொன்னால் தீர்ந்தது. தான் அனுப்பிவைத்தவர்களைக் கூட்டி வருவது என்று தீர்மானித்தார். வேலை போனவர்களே வந்து, எங்களை இவர் எவ்வளவு நன்றாக அனுப்பினார் தெரியுமா என்று சொல்லும்போது எந்த மேனேஜர்தான் மறுக்க முடியும்.

முதலில் குறிச்சிக்குப் போனார். எஞ்சின் ரூமில் கரி அள்ளிய திருமூர்த்தியின் வீடு அங்கே இருந்தது. திருமூர்த்தியின் மனைவி ராசாத்தாள் கதவைத் திறந்தாள்.

"நஞ்சப்பனுங்க" என்றார்.

"அட, நீங்கதானுங்களா? வாங்க, வாங்க. உங்களைப் பத்தி அவரு நெம்ப நல்லாச் சொல்லுவாருங்க. கரி அள்ளற ஆளையும் உக்கார வெச்சு மோர் குடுத்த மனுசன்னு."

நஞ்சப்பன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இருக்காருங்களா?"

"வேலைக்குப் போயிருக்காருங்க. விடியறதுக்கு மின்னாலயே போயிருவாருங்க."

வேலை கிடைத்துவிட்டதா, இத்தனை சீக்கிரத்தில். எந்த மில் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பழைய வேலை போனதைக் கிளறுவது போலாகும்.

"அங்கயும் கரி வேலைதானுங்களா?"

"கரியெல்லாம் இல்லீங்க இப்ப. சும்மா கூட்டிப் பெருக்கிட்டு நெழல்ல இருக்கறாராமுங்க. மொதலாளி நெம்ப நல்லவராமுங்க. ஒண்ணும் கேக்கறதில்லையாமா."

"நல்லா இருக்கட்டும்" என்றார் நஞ்சப்பன். மனதாரச் சொன்னார்.

அடுத்து உக்கடத்தில் பொன்னாத்தாள் வீடு. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில், வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். தான் அனுப்பிய இன்னொருவரான பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனார். அவரும் வேலைக்குப் போயிருந்தார். மூன்று நாள் வெயிலில் நடந்தார். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கால் செருப்பு அறுந்தது. அதைத் தைத்துக் கொடுத்தவர், தன் தம்பியை நஞ்சப்பன்தான் அனுப்பினார் என்று சொல்லிக் கூலி வாங்க மறுத்தார். தம்பி எங்கே என்று நஞ்சப்பன் கேட்டார். வேலைக்குப் போயிருந்தான்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் அனுப்பின அத்தனை பேருக்கும் வேலை இருக்குது. எனக்கு மட்டும்தான் இல்லை."

வள்ளியாத்தாள் யோசித்தாள். "அப்ப உங்களையும் நீங்களே அனுப்பியிருந்தா உங்களுக்கும் கெடைச்சிருக்குமாட்ட இருக்குதுங்க."

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. அவர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். கோயமுத்தூரில் எங்கோ ஒரு மில் இருக்கிறது. அதன் முதலாளி வேலை போனவர்களையெல்லாம் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார். வேலை இருக்கிறதோ இல்லையோ, நிழலில் உட்கார வைக்கிறார். அப்படிப்பட்ட மில் எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் அங்கும் ஆட்களை அனுப்ப வேண்டி வரும். அனுப்ப ஆள் வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மில்லுக்கு நான் கட்டாயம் வேணும் அம்மணி."

"எந்த மில்லுங்க?"

"அது தெரியலை."

விடிந்ததும் மறுபடி குறிச்சிக்கு நடந்தார். இந்தமுறை ராசாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு வேலை இல்லாமப் போச்சுங்க. உங்க ஊட்டுக்காரர் வேலை பாக்கற எடத்துல, மேனேஜர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

ராசாத்தாள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். பெரிய மனிதரைக் கேள்வி கேட்பது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாள்.

"செரிங்க. கண்டிப்பாச் சொல்லச் சொல்றேனுங்க."

பொங்கியண்ணன் வீட்டில் சொன்னார். பொன்னாத்தாளின் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தார். செருப்புத் தைத்தவரிடம் சொன்னார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் செரிங்க என்றார்கள்.

பிறகு எதுவும் நடக்கவில்லை. எருமை தீவனம் எடுக்க ஆரம்பித்தது, ஓமம்தான். நஞ்சப்பன் வேட்டியைத் துவைத்து, கோட்டை வெயிலில் போட்டு எடுத்து, புது மில்லின் அழைப்புக்காகத் தயாராக இருந்தார். அந்த முதலாளியிடம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்தார். எருமைக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பதை வள்ளியாத்தாள் இரண்டு முறை பார்த்துவிட்டுத் தவிட்டு வாளியோடு திரும்பிப் போனாள்.

ஒரு மத்தியானம் இஸ்மத் வந்தார். வேர்த்திருந்தது.

"ஐயா, மேனேஜர் உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க."

"எந்த மேனேஜர்?"

"நம்ம மேனேஜர்தானுங்க. ரெண்டு நாளா ஆபீஸ் வாசல்ல ஒரே ஆளுங்க. உங்களுக்கு வேலை குடுக்கோணும்னு நிக்கறாங்க. மேனேஜர் வேலை நிறுத்தம் வந்துருமோன்னு பயந்துபோயிட்டாருங்க. ராத்திரி தூக்கமே இல்லையாமா."

"எந்த ஆளுக?"

"மில்லு ஆளுகதானுங்க."

நஞ்சப்பன் கோட்டை எடுக்கப் போனவர் நின்றார். மனைவியைப் பார்த்தார்.

"நீங்க அனுப்பாத ஆளுகளுக்கே உங்க மேல இத்தனை பிரியமுங்களா?" என்றாள் வள்ளியாத்தாள்.

"அனுப்பினா நம்ம கையால போகோணும்னு நெனைக்கறாங்க போல" என்றார் நஞ்சப்பன்.

நடை வேகமாக இருந்தது. இஸ்மத் பின்னால் ஓடி வர வேண்டியிருந்தது. புது மில் இனி வேண்டியதில்லை. தன் நாற்காலி, தன் ஜன்னல், தன் மோர்ச் சொம்பு. இனி அனுப்புகிறவர்களை இன்னும் நன்றாக அனுப்ப வேண்டும். வேலை போவது எப்படி இருக்கும் என்பது இப்போது தனக்குத் தெரியும். அதற்கு ஏற்ற ஒரு வாக்கியத்தைக்கூட வழியில் கண்டுபிடித்து வைத்தார்.

பாலகோபால் எழுந்து நின்றிருந்தார். பேனா மூடியிருந்தது.

"வாங்க நஞ்சப்பன். உக்காருங்க."

நஞ்சப்பன் உட்கார்ந்தார். மேனேஜர் அதன் பிறகு உட்கார்ந்தார்.

"உங்க பக்கம் மழை உண்டுங்களா?"

"தூறிச்சுங்க."

"கெணத்துல தண்ணி?"

"இருக்குதுங்க."

"எருமை?"

"ஓமம் கேட்டுச்சுங்க. நீங்க சொன்னதுதான்."

"நல்லதுங்க" என்றார் மேனேஜர்.

மோர் வந்தது. நஞ்சப்பன் சொம்பைத் தூக்கினார். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருந்தது. அவர் வழக்கமாகப் போடச் சொல்வதுதான். ஒரு வாய் உள்ளே போனதும் கை நின்றது. அந்த மோருக்கு என்ன அர்த்தம் என்று அந்த மில்லில் அவரைப் போல் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

மேனேஜர் சொம்பு பாதி இறங்கக் காத்திருந்தார். நஞ்சப்பன் அதைக் கவனித்தார். சரியான இடத்தில் காத்திருந்தார்.

"இத்தனை நாள் உழைச்ச உடம்புங்க" என்றார் மேனேஜர். குரல் தணிந்திருந்தது. "அதுக்கும் ஓய்வு வேணுமில்லீங்களா."

"வேணும்ங்க."

"மில்லு உங்களை என்னைக்கும் மறக்காதுங்க."

அவ்வளவுதான். காரணம் இல்லை. காகிதம் இல்லை. எருமையில் நிற்கவும் இல்லை, கிணற்றில் விழவும் இல்லை. குறை சொல்ல நஞ்சப்பன் தேடிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. முறையாகச் சொன்னால் முறையாகப் போவதாகச் சொன்னவர் அவர்தான்.

மீதி மோரைக் குடித்தார். எழுந்து கும்பிட்டார்.

"நெம்ப நல்லாச் சொன்னீங்க" என்றார்.

மேனேஜரின் கண் கலங்கியிருந்தது. வழியில் கண்டுபிடித்த வாக்கியத்தை அவரிடமே சொல்லிவிட்டுப் போகலாமா என்று நஞ்சப்பனுக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் ஒரு கல் இருந்தது. அதில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தார். பதமாகச் சொல்ல வேண்டும். உட்கார வைத்து, மோர் கொடுத்து. வள்ளியாத்தாளை உட்கார வைப்பது கஷ்டம்.

எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. மில் விடும் சங்கு ஊதியது. ரோட்டில் கால்களின் சத்தம் பெருகியது. அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்ததே இல்லை. ஆபீஸ் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். தலை நிமிர்ந்து யாரையும் பார்க்கத் தெம்பு இல்லை. துண்டை எடுக்காமல் இருந்தார்.

"ஏனுங்க, நீங்களா இங்க உக்காந்திருக்கறீங்க?"

துண்டை இறக்கினார். பொன்னாத்தாள் நின்றுகொண்டிருந்தாள்.

"மேனேஜர் கூப்பிட்டுப் பேசினாராமே. என்ன சொன்னாருங்க?"

நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார். தான் ஒரு காலத்தில் அனுப்பிவைத்தவளிடம் தன் கதையைச் சொல்வது கூச்சமாக இருந்தது. முறையான சொற்களிலேயே சொன்னார்.

"உடம்புக்கு ஓய்வு வேணும்னாரு அம்மணி. மில்லு என்னை மறக்காதுன்னாரு."

"அதுக்கா இப்படி உக்காந்திருக்கறீங்க?" என்றாள் பொன்னாத்தாள். "எங்க எல்லாருக்கும் நீங்களும் அதையேதானுங்களே சொன்னீங்க, ஞாயித்துக்கெழமை நல்லாப் படுத்து எந்திரிச்சுப்போட்டு, திங்கக்கெழமை விடியால அத்தனை பேரும் வேலைக்கு வந்துட்டமுங்க."